வத்தலக்குண்டுக்காரரின் புத்தக மூட்டை

திண்டுக்கல் என்றதும் பூட்டையும் புகையிலையையும் நினைத்துக்கொள்கிறவர்கள், அந்தச் சமவெளி மேற்கே கொடைக்கானல் மலையடிவாரத்தைத் தொடுகிற இடத்திலுள்ள வத்தலக்குண்டு என்ற சிற்றூர் நவீனத் தமிழ் வசனத்துக்கு மூன்று பேரை அடுத்தடுத்துக் கொடுத்தது என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. 1893-ல் விவேக சிந்தாமணியில் கமலாம்பாள் சரித்திரத்தை எழுதத் தொடங்கிய பி. ஆர். ராஜமய்யர் 26 வயதிலேயே காலமாகிவிட்டார். 1935 முதல் மணிக்கொடியைச் சிறுகதைக்கென்றே நடத்திய பி. எஸ். ராமையாவைப் பற்றிப் பேச வேறு சந்தர்ப்பம் வேண்டும். நான் சொல்ல வந்தது, தகப்பனார் வழியில் சின்னமனூரைப் பெயரில் தாங்கித் தாயார் ஊரான வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பாவையும், அவர் ஊர் ஊராகச் சுமந்துசென்ற புத்தக மூட்டையையும் பற்றித்தான்.

வாரப் பத்திரிகைகள் தொடர்கதையாலும் சித்திரங்களாலும் லட்சக்கணக்கான வாசகர்களைக் கட்டி வைத்திருந்த காலத்தில், 1959 ஜனவரியில், விமரிசனத்துக்கென்று ‘எழுத்து’ மாத ஏட்டைத் தொடங்கிய செல்லப்பா, அதை 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே நிர்ணயித்துக்கொண்டார். வாசகரைத் தேடுகிறவன் தன் வாசகர் தொகைக்குத் தானே வரம்பு கட்டுவது விசித்திரமான வியாபாரம்தான். ஆனால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவோமோ என்று கவலைப்படும் பாக்கியம் அவருக்குக் கடைசி வரை வாய்க்கவில்லை.

வாய்த்ததெல்லாம் மூட்டைதான். எழுத்து பிரசுரமாக வெளிவந்த நூல்களை, ஜல்லிக்கட்டைப் பற்றி அவரே எழுதிய ‘வாடிவாசல்’ உட்பட, பைகளில் அடைத்துக்கொண்டு, கதர் உடுத்திய அந்தக் காந்திபக்தர் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். புத்தகத்தை நீட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிற சுபாவம் அவருக்கு இல்லை. சிறுகதைக்கு உருவம் என்றால் என்ன, யாப்பை விட்ட பின்னும் கவிதையில் எஞ்சுவது எது என்று பேச்சு வளரும். எதிராளி ஒப்புக்கொள்கிற வரையில் அவர் விடவும் மாட்டார். விற்பனைக்கு இந்தப் பிடிவாதம் உதவியிருக்காது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அப்படி வாதாடிச் சேர்த்த வாசகன் லேசில் விலகுகிறவன் அல்ல.

நேரில் போக முடியாத இடங்களுக்குத் தபால் போயிற்று. வாசகர் கடிதத்தை ஓரத்தில் ஒதுக்காமல், அதில் சாரமிருந்தால் கட்டுரைக்குச் சமமாக மதித்து அச்சிட்டபடியால், படித்தவனே எழுதுகிறவனாக மாறுவது அங்கே சகஜமாயிற்று. திருகோணமலையிலிருந்து இருபது வயதுப் பிள்ளையாக எழுதிய தருமு சிவராமு, பிற்பாடு பிரமிள் என்று பெயர் பெற்றார். ந. பிச்சமூர்த்தி முதலாக அந்த ஏட்டில் எழுதியவர்களின் கவிதைகளைத் திரட்டி 1962-ல் ‘புதுக்குரல்கள்’ வெளிவந்தபோது, யாப்பில்லாத கவிதையைப் பரிகசித்தவர்களும் அதை எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

இன்று ஓர் எழுத்தாளர் முகநூலில் இரவு பகலாக வாசகர்களுக்குப் பதில் சொல்லிக் கூட்டம் சேர்ப்பதைப் பார்க்கும்போது, திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெரு வீட்டில் தபால்காரரை எதிர்பார்த்திருந்த மனிதர்தான் எனக்கு ஞாபகம் வருகிறார். இவருக்குப் பதில் ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறது. அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தில் கடிதம் எழுதினவன் தான் எழுதியதை மனசுக்குள் இரண்டு தடவையாவது திருத்தியிருப்பான்.

119 இதழ்களுடன் 1970-ல் ‘எழுத்து’ நின்றது. அதற்கு வந்த கடிதங்களில் சில, வடக்கே உத்தியோகத்திலிருந்த ஓர் இளைஞருடையவை. அவற்றைத் தொடர்ந்து அவர் எழுதிய ‘பாலையும் வாழையும்’ என்ற கட்டுரை, தமிழ் மரபையே கடுமையாகக் கேள்வி கேட்டு வெங்கட் சாமிநாதன் என்ற விமரிசகரை நிலைநிறுத்தியது. அவர் சிறுவயதில் வளர்ந்தது நிலக்கோட்டையில். வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் போய்விடலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களான அந்த இருவரும் ஒருவரையொருவர் முதலில் அறிந்துகொண்டது தபாலில்தான்.