கணினிக்குள் ஓடும் பஸ்

"கணினிக்குள் பஸ் ஓடுமாமே, உண்மையா ஐயா?" என ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் வினவினான். வகுப்பு சிரித்தது. அது பாட்டை எனப்படும் கம்பித் தொகுதி. செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையே 0, 1 என்னும் இலக்கங்களைச் சுமந்து செல்வது என்றேன். 1 சென்றால் மின்செலவு, 0 சென்றால் செலவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அன்றிரவு படித்தபோதுதான் பின்னது பிழையென அறிந்தேன். அதனைத் திருத்தவே இப்பதிவு.

பெரும்பாலான பாட்டைகளில் மின்சாரத்தை உண்பது இலக்கமன்று; இலக்கத்தின் மாற்றமே. கம்பி ஒவ்வொன்றும் சிறு குடம் போன்றது. 0இலிருந்து 1க்கு மாறுகையில் நிரப்ப வேண்டும். திரும்புகையில் நிரப்பியது வீணாகக் கொட்டிவிடும். மாறாதிருந்தால் செலவு மிகக் குறைவு. ஏழிலிருந்து எட்டுக்குச் செல்வதைப் பாருங்கள்: 0111 என்பது 1000 ஆகிறது. நான்கு கம்பிகளும் மாறுகின்றன!

இதற்கு மருந்தொன்று முன்னரே இருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிராங்க் கிரே 1947இல் விண்ணப்பித்து 1953இல் காப்புரிமை பெற்ற குறிமுறையில், அடுத்தடுத்த எண்களிடையே ஓர் இலக்கம் மட்டுமே மாறும். ஏழு 0100, எட்டு 1100. அவர் நாடியது மின்சிக்கனமன்று. குறிப்பலையை எண்ணாக்கும்போது நேரும் பிழையைக் குறைப்பதே. 1990களில், வரிசையாகச் செல்லும் நினைவக முகவரிகளுக்குப் பொறியாளர்கள் அதனை எடுத்தாண்டனர்.

ஆயின் தரவு வரிசையாக வருவதில்லையே! மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மிர்ச்சா ஸ்டான், வெய்ன் பர்ல்சன் இருவரும் 1995இல் எளிய வழியொன்றை வெளியிட்டனர். எட்டுக் கம்பிகளில் பாதிக்கு மேல் மாற வேண்டிவரின், இலக்கங்கள் அனைத்தையும் தலைகீழாக்கி அனுப்புவது. அச்செய்தியை ஒன்பதாம் கம்பியால் அறிவிப்பது. மாற்றத்தின் உச்சம் எட்டிலிருந்து நான்காகிறது. ஒழுங்கற்ற தரவிற்கும் சராசரியாக ஏறத்தாழ 18 விழுக்காடு மாற்றங்கள் குறைகின்றன.

2012இல் வெளியான டிடிஆர்4 நினைவகத் தரத்திலும் இம்முறையின் உறவு உண்டு. அங்கு 0தான் செலவாளி. நான்கிற்கு மேல் 0 வந்தால் தலைகீழாக்கலாம். நான் வகுப்பில் சொன்னதற்கு நேரெதிர்!

மறுநாள் என் பிழையை ஒப்புக்கொண்டேன். எட்டு மாணவர்களை எழுந்து நிற்கவும் அமரவும் செய்து விளக்கினேன். களைப்பு நிற்பதிலன்று, எழுந்தெழுந்து அமர்வதில் என்பதை அவர்களே கூறினர். ஒன்பதாமவனாக நின்று கையுயர்த்தியவன், பஸ்ஸைப் பற்றி வினவிய அதே மாணவன். இம்முறை எவரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.