மோரிட்டா சிகிச்சை

மோரிட்டா சிகிச்சையாவது, ஜப்பானிய மனநோய் வைத்தியர் ஷோமா மோரிட்டா (1874–1938) 1919ஆம் ஆண்டையொட்டி டோக்கியோவில் வகுத்த முறை. அச்சமும் கூச்சமும் படபடப்பும் ஒழிந்த பிறகே காரியத்தில் இறங்குவேன் என்று காத்திருப்பவனை, அவை இருக்கும்போதே இறங்கப் பழக்குவது இதன் சாரம்.

கோச்சி மாகாணத்தில் பிறந்த மோரிட்டா, இளமையில் தாமே நெஞ்சுப் படபடப்பால் அவதியுற்றவர். டோக்கியோவில் மாணவராயிருந்தபோது வீட்டிலிருந்து பணம் வந்து சேராமற்போகவே, தகப்பனார்மீது மூண்ட கோபத்தில், செத்தாலும் சரியென்று மருந்துகளை ஒதுக்கிவிட்டுப் பரீட்சைக்கு வெறிகொண்டு படித்தார். நல்ல ஸ்தானமும் கிட்டிற்று, உபாதைகளும் போன இடம் தெரியவில்லை. பிற்காலச் சித்தாந்தத்துக்கு இந்தக் கோபமே வித்து என்று கொள்வதில் பெரும் பிழையிராது. ஹிப்னாடிசம், ஓய்வுச் சிகிச்சை, தர்க்கத்தால் தெளிவிக்கும் முறை ஆகியவற்றை அவர் பரீட்சித்து, திருப்தியடையாமலே தம் வழியை அமைத்தார்.

பிறர்முன் முகம் சிவந்துவிடுமோ என்று அஞ்சுபவன், அஞ்சலாகாது என்று போராடுந்தோறும் அதிலேயே கவனம் குவிந்து, கவனம் குவியுந்தோறும் அச்சம் கூர்மையடைந்து, அந்தச் சுழலுக்குள் அகப்படுகிறான். உணர்ச்சி நம் ஆக்ஞைக்கு அடங்குவதில்லை. கை கால்கள் அடங்கும். ஆகவே முன்னதை வந்தபடி விட்டுவிட்டுப் பின்னதைக் கொண்டு செய்யவேண்டியதைச் செய் என்றார் மோரிட்டா.

சிகிச்சை அவருடைய வீட்டிலேயே, மனைவியாரின் துணையுடன் நடந்தது. முதல் ஒரு வாரம் நோயாளி தனியறையில் படுத்தே கிடக்கவேண்டும். வாசிப்பில்லை, பேச்சில்லை, ஆறுதல் சொல்வாருமில்லை. கவலைகள் திரண்டு வந்து, உச்சத்தை எட்டி, தாமே தணிய, முடிவில் சலிப்பு மிஞ்சி, எதையேனும் செய்தால் போதும் என்ற ஆவல் பிறக்கும். பிறகு தோட்டத்தில் இலேசான வேலை. அப்பால் விறகு பிளப்பது போன்ற கடின உழைப்பு. இறுதியில் வெளியுலக வாழ்வு. நோயாளி எழுதும் நாட்குறிப்பில் வைத்தியர் தம் கருத்தைக் குறித்துத் தருவார். நோயைப்பற்றிய முறையீடுகளுக்கு மட்டும் செவிசாய்க்கமாட்டார். இரக்கமின்மைபோல் தோன்றும் இந்த மௌனமே சிகிச்சையின் நுட்பமான பகுதி.

இதனை விதிவாதமென்று கருதுவோர் உண்டு. ஜென் பௌத்தத்தின் மறுவடிவம் என்போரும் உண்டு. விதிவாதி விறகு பிளப்பதில்லை. ஜென் மொழியை மோரிட்டா தாராளமாகக் கையாண்டார் என்பது மெய். எனினும் முறை பிறந்தது நோயாளிகளிடையே. சித்தப்பிரமை போன்ற கடும் நோய்களுக்காக இது வகுக்கப்படவுமில்லை. மிகையாகத் தன்னையே ஆராய்ந்து வருந்தும் சுபாவமுடையோருக்கே இது உரியது.

மோரிட்டாவுக்குப் பின் சீடர் தகேஹிசா கோரா இதனை வளர்த்தார். மனப்பகுப்பாய்வாளர் கரேன் ஹோர்னி 1952இல் ஜப்பான் சென்று இதில் ஆர்வங்கொண்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே காலமானார். பிற்காலத்தில் படுக்கைக் கட்டம் அருகி, வெளிநோயாளியாக வந்து நாட்குறிப்புடன் பெறும் சிகிச்சையே பெருவழக்காயிற்று.