பூட்டுக்கும் வரிசை உண்டு

ஒரு வீட்டில் அம்மியும் ஒன்று, குழவியும் ஒன்று. ஒருத்தி அம்மியைப் பற்றிக்கொண்டு குழவிக்காகக் காத்திருக்கிறாள். மற்றொருத்தி குழவியை மடியில் வைத்துக்கொண்டு அம்மிக்காகக் காத்திருக்கிறாள். இருவரும் விட்டுக்கொடாராயின், அன்று அவ்வீட்டில் துவையல் இல்லை. கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய முட்டுநிலை நேர்வதுண்டு. அதனை வென்ற வரலாறு சுவை மிக்கது.

நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரையில் இந்நிலையைக் ‘கொடிய தழுவல்’ என்று குறித்தார். எத்துணைப் பொருத்தமான பெயர்! 1968இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹேவண்டர் என்பார் எளியதொரு மருந்தை வெளியிட்டார். பொருள்கள் யாவற்றிற்கும் ஒரு வரிசையை வகுத்து, எவரும் அவ்வரிசைப்படியே அவற்றைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதே அது. குழவியைத் தொடுமுன் அம்மியைப் பெறவேண்டும் என விதித்துவிட்டால் வழக்கு ஏது? 1971இல் காப்மன், எல்பிக், ஷோஷானி மூவரும் முட்டுநிலைக்கு நான்கு காரணங்கள் ஒருங்கே அமையவேண்டும் என்று காட்டினர். அவற்றுள் ஒன்றாகிய வட்டமாகக் காத்திருத்தலை இவ்வரிசை அறுத்தெறிகிறது.

ஆயினும், சொல்வது எளிது, செய்வதன்றோ அரிது! 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0 பதிப்பு, பல செயலிகளுடன் இயங்கும் பொறிகளுக்காகத் தன் கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரும்பூட்டை இட்டது. தாமதம் இருந்தது, எனினும், பூட்டு ஒன்றே ஆதலின் வரிசைச் சிக்கல் எழவில்லை. விரைவை நாடிச் சிறுசிறு பூட்டுகளைப் பெருக்கியபோதுதான் தொல்லையும் பெருகியது. அப்பெரும்பூட்டு 2011இல் 2.6.39 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது.

சாக்கெட் எனப்படும் தொடர்புமுனைகளில் இத்தொல்லை தெளிவாகப் புலப்படும். ஒரே பொறிக்குள் இரு நிரல்கள் உரையாட உதவும் யூனிக்ஸ் சாக்கெட்டுகளை நோக்குவோம். ‘அ’ என்பது ‘ஆ’வுடன் இணைய முயலும் அதே நொடியில், ‘ஆ’வும் ‘அ’வுடன் இணைய முயலலாம். ஒவ்வொன்றும் முதலில் தன் பூட்டையும், பின்னர் எதிர்முனையின் பூட்டையும் பற்றுமாயின் கொடிய தழுவலே விளையும். இரண்டும் ஒரே இனம். இவற்றுள் மூத்தது எது? நினைவகத்தில் எதன் முகவரி எண் சிறியதோ அதனையே முதலில் பூட்டுக என்பது லினக்ஸ் கண்ட தீர்வு. அவ்வெண்ணுக்கு வேறு சிறப்பு எதுவும் இல்லை. அனைவரும் ஒப்புக்கொண்ட ஒரு வரிசை என்பதே போதுமானது. ஒரு முனை தன்னுடனேயே இணைய முயன்றால், ஒரு முறை மட்டுமே பூட்டப்படும்.

தொடரோட்ட வகைச் சாக்கெட்டுகளில் வேறு உத்தி கையாளப்பட்டது. அங்கே இணைப்பைக் கோருவது இன்னும் இணையாத முனை; கோரப்படுவது அழைப்புக்குச் செவிமடுத்திருக்கும் முனை. ஒரே முனை ஒரே வேளையில் இரண்டுமாக இருத்தல் இயலாது. எனவே, நிலையைச் சோதித்தாலே வட்டம் தோன்றாது.

இப்பிழைகளின் கொடுமை யாதெனில், இவை பன்னாள் மறைந்திருந்து, இரு செயல்களின் காலம் பொருந்தும் அரிய கணத்திலேயே வெளிப்படும். இதற்காக இங்கோ மோல்நார் முதலியோர் ஆக்கிய ‘லாக்டெப்’ என்னும் காவற்கருவி 2006இல் கெர்னலில் சேர்ந்தது. பூட்டுகள் பற்றப்படும் வரிசையை அது குறித்துக்கொள்கிறது. இன்று ‘க’வுக்குப் பின் ‘ங’வும், என்றேனும் ‘ங’வுக்குப் பின் ‘க’வும் பற்றப்பட்டால், பொறி நின்றுபோகாத நிலையிலும் எச்சரிக்கிறது. எனினும், ஒரே இனப் பூட்டுகள் இரண்டைத் தொடர்ந்து பற்றுவதை அது ஐயத்துடனேயே நோக்கும். இரண்டாவது பூட்டு விதிப்படி பற்றப்படுவதே என்று நிரல் எழுதுவோர் குறிப்பிட்டுக் காட்டவேண்டும்.