கடனுக்கு வயதாகுமா?

சங்கரன்கோவில் விசைத்தறிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். தறி ஓட நூல் வேண்டும். நூல் வாங்கப் பணம் வேண்டும். ஆகவே கடனும் இங்கே பழகிய சங்கதிதான். அண்மையில் என் மாணவர் ஒருவரின் தந்தை என்னைத் தேடி வந்தார். மகனின் மேற்படிப்புக்காக வங்கியில் கடன் கேட்டிருந்தார். அவரும் உடன் கையொப்பமிட வேண்டிய கடன் அது. பத்தாண்டுகளுக்கு முன் தறிக்காக வாங்கிக் கட்டாமல் விட்ட கடனைக் காட்டி மனுவைத் திருப்பிவிட்டார்களாம். “நோட்டுக்கு மூணு வருஷந்தானே சார் கெடு? அது எப்பவோ செத்துப்போன கடனாச்சே!” என்றார்.

அவர் சொன்னது முழுத் தவறன்று, முழு உண்மையுமன்று. காரணத்தை அறியச் சற்றே பின்னோக்கிச் செல்வோம்.

1859-இல் ஆங்கிலேய அரசு காலவரையறைச் சட்டம் ஒன்றை இயற்றியது. கடன் பத்திரம் மூன்றாண்டுகளுக்கே செல்லும் என்றது அது. வட்டி மலைபோல் குவியாமல் தடுப்பதே நோக்கம். நடந்தது என்ன? தக்காணத்து லேவாதேவிக்காரர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வட்டியையும் முதலில் சேர்த்துப் புதுப்பத்திரம் எழுதி வாங்கினார்கள். 1875 மே மாதம் புனேக்கு அருகிலுள்ள சூபாவில் குடியானவர்கள் திரண்டெழுந்து, கணக்கேடுகளையும் பத்திரங்களையும் தீயிட்டார்கள். ஏடு எரிந்தால் கடனும் ஒழியும் என்பது அவர்கள் எண்ணம்.

இன்று நடப்பிலிருப்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். சாதாரணக் கடனுக்கு மூன்றாண்டுகளும், அடமானக் கடனுக்குப் பன்னிரண்டாண்டுகளும் கெடு. கெடு கடந்தால் கடன் கொடுத்தவர் வழக்குத் தொடர முடியாது. ஆனால் கடன் அழிந்துவிடுவதில்லை. நீதிமன்றத்தின் கதவு மட்டுமே மூடுகிறது.

இன்னொரு கதவு நம் காலத்தில் திறந்தது. வணிகர்களின் நாணயத்தைக் குறித்து வைத்து விற்கும் நிறுவனத்தை 1841-இலேயே நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் தொடங்கினார். இந்தியாவில் சிபில் நிறுவனம் 2000-இல் பிறந்தது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. இப்போது நான்கு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. நீங்கள் வாங்கிய கடனையும், கட்டத் தவறிய தவணையையும், பிறருக்காகப் போட்ட ஜாமீனையும் வங்கிகள் இவற்றுக்குத் தெரிவிக்கின்றன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். விவரங்களைக் குறைந்தது ஏழாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கடன் தீராமல் நிற்குமானால் அதற்குப் பின்னும் தொடரலாம்.

எஃகுத் துண்டைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சினால் அது காந்தமாகும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் காந்தம் எஞ்சி நிற்கும். பழைய கடனின் சுவடும் அறிக்கையில் அவ்வாறே எஞ்சுகிறது.

இங்கே ஒரு சொல் பலரை ஏமாற்றுகிறது. அரசு விவசாயக் கடனை ரத்து செய்வதையும் ‘தள்ளுபடி’ என்கிறோம். வங்கி தன் கணக்கைச் சீர்செய்ய வாராக்கடனை ஏட்டிலிருந்து நீக்குவதையும் ‘தள்ளுபடி’ என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. பின்னதில் நம் கடன் அப்படியே இருக்கும். அறிக்கையிலும் அந்தக் குறிப்பு ஏறும். ஒரு பகுதியை மட்டும் கட்டிச் சமரசமாக முடித்தாலும், முழுதும் தீர்த்ததாக அறிக்கை சொல்லாது.

ஆகவே என்ன செய்யலாம்? நிறுவனம் ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். பிழை இருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 முதல் உள்ளது. கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் கெடு புதிதாகத் தொடங்கும். கெடு கடந்த பின்னும், கட்டுவதாகக் கையொப்பமிட்டு எழுதித் தந்தால் அது செல்லும். ஆகவே எதிலும் படித்துப் பார்த்தே கையொப்பமிடுங்கள். தக்காணத்துக் குடியானவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

அந்தத் தந்தையும் அறிக்கையை வாங்கி வந்தார். இருவரும் வரிவரியாகப் படித்தோம். பாக்கியைத் தவணையில் கட்டத் தொடங்கியிருக்கிறார். தீர்ந்ததும் வங்கியிடம் நிலுவையில்லாச் சான்று வாங்கி, அறிக்கையில் திருத்தம் ஏறியதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் ஒரே நாளில் உயராது. ஆனால் மகனுக்குப் படிக்க வேண்டிய வயது இது. அதனால்தான் அவர் அவசரப்படுகிறார்.