கூடப் படிச்சவங்க எங்கே?

பட்டம் முடிச்சு முப்பது வருஷம் கழித்துச் சந்திக்கும் வணிகக் கல்லூரி நண்பர்கள், யார் எந்தக் கம்பெனியில் மேனேஜர் என்று விசாரிப்பார்கள். எங்கள் ஊவாத் தோட்டங்களில் தாத்தா, பாட்டியிடம் "உங்களோட படிச்சவங்க எங்கே?" என்று கேட்டுப் பாருங்க. பாதிப் பேருக்குப் பதில் ஒன்றுதான்: "இந்தியா போயிட்டாங்க."

அது வேலை தேடிப் போன கதை அல்ல. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். விண்ணப்பம் போட்டது பெரியவங்க. பிரிந்தது ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள்.

பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். அப்புறம் மண்டபம் முகாம். பலர் நீலகிரியில் மறுபடி கொழுந்துதான் பறித்தார்கள். 1984இல் கப்பலும் நின்றது.

இங்கே தங்கியும் நாடற்றிருந்தவர்களுக்கு 2003 சட்டம் குடியுரிமை தந்தது. கூட்டாளிகளை எந்தச் சட்டமும் திருப்பித் தரவில்லை.

எங்கள் கையில் போன் இருக்கு. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களின் பேரப்பிள்ளைகள் கையிலும் இருக்கு. தாத்தா, பாட்டியிடம் பெயர்களைக் கேட்டு, தோட்டம், டிவிஷனோடு எழுதி வைப்போம். நினைவு வச்சிருக்கிறவங்க இருக்கும்போதே.