கறியுப்பு: சோடியக் கணக்கும் அயனிப் பிரிகையும்

கறியுப்பு என்பது சோடியம் குளோரைடு. கடற்கரை இல்லாத தருமபுரி மாவட்டத்துக்கு அது கிழக்குக் கரை உப்பளங்களிலிருந்து வந்து சேர்கிறது. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து வீடுகளில் கேழ்வரகுக் கூழைக் கரைக்கும்போது போடும் கல்லுப்பு, கலக்கக் கலக்கக் கண்ணுக்கு மறைந்துவிடும். ருசி மட்டும் சட்டி முழுவதும் பரவியிருக்கும். அந்த மறைவுக்கு வேதியியல் வைத்த பெயர் பிரிகை.

உப்புப் படிகத்துக்குள் தனித்தனி மூலக்கூறுகள் கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் அயனிகள் என்று அடுக்கடுக்காக அமைந்தது அது. தண்ணீர் பட்டதும், நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சோடியத்தையும் ஹைட்ரஜன் பக்கம் குளோரைடையும் சூழ்ந்து அடுக்கிலிருந்து பிரித்தெடுக்கின்றன. தண்ணீர் அயனிகளை உண்டாக்குவதில்லை. முன்பே இருந்தவற்றை விடுவிக்கிறது. பாடம் படிக்கும் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் இதுதான். கரைசலில் அயனிகள் தனித்துத் திரிகின்றன என்று சுவீடன் நாட்டு சுவாந்தே அரேனியஸ் 1884இல் தம் ஆய்வேட்டில் எழுதியபோது அதற்குக் குறைந்த தரமே கிடைத்தது. அதே கொள்கைக்காக 1903இல் நோபல் பரிசு வந்தது.

சோடியக் கணக்கு எளிது. சோடியத்தின் அணு நிறை 22.99, குளோரினுடையது 35.45, கூட்டினால் 58.44. ஆகவே உப்பின் எடையில் 39.3 சதவீதம் சோடியம். ஒரு கிராம் உப்பில் 393 மில்லிகிராம். அயனியாகும்போது இழக்கும் ஓர் எலக்ட்ரானின் எடை மிகச் சொற்பம், கணக்கு மாறாது. பொட்டலத்தின் மேல் 100 கிராமுக்குச் சோடியம் 800 மில்லிகிராம் என்றிருந்தால் அதை 2.54ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 2 கிராம் உப்பு. பெரியவர்கள் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 5 கிராம் உப்பு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு. கல்லுப்பைக் கரண்டியால் அளப்பது சரிவராது. கற்களுக்கிடையே காற்றும், கற்களில் ஈரமும் இருப்பதால் எடைதான் நம்பகமானது. இந்துப்பும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். சமையல் சோடாவின் எடையில் 27 சதவீதம் சோடியம் இருந்தும் அது உப்புக் கரிப்பதில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

தருமபுரியில் இந்தக் கணக்கு குடத்துக்குள்ளும் நுழைகிறது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் உள்ள ஆழ்குழாய்த் தண்ணீரை இரண்டு லிட்டர் குடித்தால், ஒரு கிராம் உப்பிலுள்ள சோடியம் உடம்பில் சேரும்.

மாவட்டத்தின் பெருந்துயரம் இன்னோர் அயனி: ஃபுளூரைடு. பாறைக் கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் இது, பல்லில் மஞ்சள், பழுப்புக் கறையாகத் தெரிந்து, அளவு மிகுந்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பையும் மூட்டையும் முடக்குகிறது. இந்த நோயின் பெயர் ஃபுளூரோசிஸ். இதிலும் சோடியத்துக்குப் பங்குண்டு. கால்சியம் ஃபுளூரைடு ஒரு லிட்டர் நீரில் சுமார் 16 மில்லிகிராம்தான் கரையும். கறியுப்போ 360 கிராம் கரையும். எனவே கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளூரைடு ஓரளவுக்கு மேல் ஏற முடியாமல் படிந்துவிடுகிறது. சோடியம் பைகார்பனேட்டு மிகுந்து கால்சியம் குறைந்த நீரில் அந்தத் தடை தளர்கிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளூரைடை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், அயனி போகாது; ஆவி போகப் போக மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடும். ஃபுளூரைடு குறைந்த காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியில் அமைந்த அத்திட்டத்தின் பெயரிலேயே ‘ஃபுளூரோசிஸ் தணிப்பு’ என்ற சொல் சேர்ந்திருக்கிறது.