பழைய திறந்தவகைக் காதொலிப்பான்களின் ஒலி ஒப்பீடு

திறந்தவகைக் காதொலிப்பான் (ஓப்பன் பேக் ஹெட்போன்) என்பது, ஒலியெழுப்பியின் பின்புறம் மூடப்படாமல் காற்றுக்குத் திறந்திருக்குமாறு அமைக்கப்பட்ட காதொலிப்பான் ஆகும். 1960களில் தொடங்கி 1990கள் வரை இவ்வகையில் வழக்கத்திற்கு மாறான அமைப்புடைய பல கருவிகள் வெளிவந்தன. அவற்றுட் பெரும்பாலானவை இன்று உற்பத்தியில் இல்லை. ஒலி ஆர்வலர்கள் எஞ்சியுள்ள கருவிகளைத் தேடிப் பெற்று ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்பதை ஒரு பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். இத்தகைய ஒப்பீட்டில் வடிவமைப்பின் வேறுபாடு மட்டுமன்றி, கருவியின் வயது, காதுமெத்தையின் நிலை, மிகைப்பி (ஆம்ப்ளிபையர்), ஒலியளவு, கேட்கும் இடம் ஆகியனவும் கலந்தே காதுக்கு வந்து சேர்கின்றன. இவற்றைப் பிரித்தறிவதே ஒப்பீட்டின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

திறந்தவகையின் இயல்பு

ஒலியெழுப்பியின் மென்படலம் முன்னும் பின்னும் அதிரும்போது இருபுறமும் ஒலி உண்டாகிறது. மூடியவகையில் பின்புற ஒலி ஒரு கிண்ணத்துக்குள் அடைக்கப்படுகிறது. அவ்வொலியின் ஒரு பகுதி எதிரொலித்து மென்படலத்தின் வழியே காதுக்குத் திரும்பக்கூடும். திறந்தவகையில் பின்புற ஒலி துளைகள் அல்லது வலையின் வழியே வெளியேறிவிடுகிறது. இதனால் ஒலி தலைக்குள் அடைபட்டது போலன்றிச் சற்று விரிந்து கேட்பதாகப் பலர் உணர்கின்றனர்.

இதற்கு ஈடாக இரண்டு குறைகள் உள்ளன. முதலாவதாக, வெளியோசை தடையின்றிக் காதை அடைகிறது. கேட்பவரின் இசையும் அருகில் இருப்போருக்குக் கேட்கிறது. இரண்டாவதாக, காதுக்கும் ஒலியெழுப்பிக்கும் இடையே காற்று கசிவதால் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் ஒலியின் அளவு குறைகிறது. ஒவ்வொரு வடிவமைப்பாளரும் இக்குறைகளை வெவ்வேறு வழியில் கையாண்டனர். பழைய கருவிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டு ஒலிப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

வரலாறு

அமெரிக்காவின் காஸ் நிறுவனம் 1958 ஆம் ஆண்டில் எஸ்பி/3 என்னும் ஸ்டீரியோ காதொலிப்பானை அறிமுகப்படுத்தியதைத் தொடர்ந்து, வீட்டில் இசை கேட்பதற்கான காதொலிப்பான்கள் பரவின. தொடக்ககாலக் கருவிகள் பெரும்பாலும் கனமான மூடியவகையைச் சேர்ந்தவை. 1968 இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்டி 414 இந்நிலையை மாற்றியது. மஞ்சள் நிற நுரைப்பஞ்சு மெத்தைகளுடன் எடை குறைந்ததாக வந்த இக்கருவி உலகெங்கும் பெருமளவில் விற்பனையானது.

1979 இல் சோனி நிறுவனம் தனது முதல் வாக்மேனுடன் வழங்கிய எம்டிஆர்-3 என்னும் சிறிய காதொலிப்பானும் நுரைப்பஞ்சு பொருத்திய திறந்தவகையே ஆகும். தமிழ்நாட்டில் பலருக்கு முதன்முதலில் அறிமுகமான திறந்தவகை, ஒலிநாடாக் காலத்தின் இத்தகைய வாக்மேன் காதொலிப்பானே எனலாம்.

வழக்கத்திற்கு மாறான சில கருவிகள்

* ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-1: ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நிலைமின் (எலக்ட்ரோஸ்டேட்டிக்) வகைக் கருவி. நிலைமின் வகையில் சுருளும் காந்தமும் இல்லை. மின்னேற்றம் பெற்ற மிக மெல்லிய படலம் இரு துளைத் தகடுகளுக்கு இடையே அதிர்கிறது.
* யெக்லின் ஃப்ளோட்: சுவிட்சர்லாந்தின் ஒலிப்பொறியாளர் யுர்க் யெக்லின் 1970களில் உருவாக்கியது. காதைத் தொடாமல் தலையின் இருபுறமும் தொங்கும் பெரிய பலகைகளைக் கொண்டது.
* யமாஹா எச்பி-1: 1976 இல் வெளிவந்தது. சுருள் ஒன்று மெல்லிய தளப்படலத்தின் மீதே அச்சிடப்பட்டு, துளையிட்ட காந்தங்களுக்கு நடுவே வைக்கப்பட்டுள்ளது. இவ்வமைப்பை யமாஹா ஆர்த்தோடைனமிக் என அழைத்தது. இதன் புறவடிவை இத்தாலிய வடிவமைப்பாளர் மரியோ பெல்லினி அமைத்தார்.
* ஏகேஜி கே240 செக்ஸ்டெட்: 1970களில் ஆஸ்திரியாவில் தயாரானது. நடுவிலுள்ள ஒலியெழுப்பியைச் சுற்றி, மின்னிணைப்பு இல்லாத ஆறு துணைப் படலங்கள் உள்ளன. இது பாதி திறந்தவகையாகும்.
* ஏகேஜி கே1000: 1989 இல் அறிமுகமானது. ஒலியெழுப்பிகள் காதிலிருந்து விலகி நிற்கின்றன. அவற்றின் கோணத்தையும் மாற்றலாம்.
* சென்ஹைசர் ஆர்ஃபியஸ் எச்இ 90: 1990களின் தொடக்கத்தில் வெற்றிடக்குழல் மிகைப்பியுடன் 300 தொகுதிகள் மட்டுமே தயாரிக்கப்பட்ட நிலைமின் வகைக் கருவி.

ஒப்பீட்டில் எழும் சிக்கல்கள்

ஒலியளவு

ஒரே ஒலிப்பதிவு சற்று உரக்கக் கேட்கும்போது அதுவே சிறந்ததாகத் தோன்றுவது மனித இயல்பு. மேலும், ஒலியளவு மாறும்போது தாழ், உயர் அதிர்வெண்களைக் காது உணரும் விகிதமும் மாறுகிறது. இதனை ஃப்ளெட்சர், மன்சன் ஆகியோர் 1933 இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். ஆகவே ஒலியளவைச் சமப்படுத்தாத ஒப்பீடு நம்பத்தக்கதன்று.

மிகைப்பியின் கட்டுப்பாட்டுக் குமிழை ஒரே இடத்தில் வைப்பது சமப்படுத்துதல் ஆகாது. காதொலிப்பான்களின் உணர்திறன் வெவ்வேறாக இருப்பதே காரணம். எடுத்துக்காட்டாக, கே1000 இன் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 74 டெசிபெல் மட்டுமே. 94 டெசிபெல் அளவை எட்ட அதற்கு 100 மில்லிவாட் தேவை. 104 டெசிபெல்லுக்கு ஒரு வாட் தேவை. இதனால் அது பெரும்பாலும் ஒலிபெருக்கிகளுக்கான மிகைப்பியுடன் இணைக்கப்படுகிறது. எல்லா அதிர்வெண்களும் பரவியுள்ள இளஞ்சிவப்பு இரைச்சலை (பிங்க் நாய்ஸ்) ஒலிக்கச்செய்து, காதின் இடத்தில் சிறு ஒலிவாங்கியை வைத்து அளந்து சமப்படுத்துவது ஏற்ற முறையாகும்.

மின்மறுப்பு

தொடக்ககால எச்டி 414 இன் மின்மறுப்பு 2000 ஓம் ஆகும். ஒரு வோல்ட் மட்டுமே தரக்கூடிய கையடக்கக் கருவியில் இணைத்தால் அதற்குக் கிடைப்பது அரை மில்லிவாட். அதே ஒரு வோல்ட் 32 ஓம் காதொலிப்பானுக்கு ஏறத்தாழ 31 மில்லிவாட் தரும். பழைய கருவி "உயிரற்று ஒலிக்கிறது" என்னும் கருத்துக்குச் சில நேரங்களில் இதுவே காரணமாக அமைகிறது.

மிகைப்பியின் வெளியீட்டு மின்மறுப்பும் ஒலியை மாற்றவல்லது. 300 ஓம் மின்மறுப்புடைய இயங்குசுருள் காதொலிப்பான் ஒன்று, தனது தாழ் அதிர்வெண் ஒத்ததிர்வில் 500 ஓமாக உயர்வதாகக் கொள்வோம். வெளியீட்டு மின்மறுப்பு 120 ஓம் எனில், பொதுவாக 71 விழுக்காடு மின்னழுத்தமும், ஒத்ததிர்வில் 81 விழுக்காடு மின்னழுத்தமும் காதொலிப்பானைச் சேரும். அதாவது அவ்விடத்தில் மட்டும் ஒலி ஏறத்தாழ ஒரு டெசிபெல் உயரும். வெளியீட்டு மின்மறுப்பு ஒரு ஓம் எனில் இவ்வேறுபாடு மறைந்துவிடும். எச்பி-1 போன்ற தளப்படல வகைகளின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் அவை இவ்வகையில் பாதிக்கப்படுவதில்லை. எனவே மிகைப்பியை மாற்றினால் இரு காதொலிப்பான்களில் ஒன்றின் ஒலி மட்டும் மாறுவதும் உண்டு.

வயதும் காதுமெத்தையும்

பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு காற்றிலுள்ள ஈரத்தால் நாளடைவில் சிதைந்து பிசுபிசுப்பாகவோ தூளாகவோ மாறுகிறது. மெத்தை தட்டையாகும்போது காதுக்கும் ஒலியெழுப்பிக்கும் உள்ள தொலைவும், காற்றுக் கசிவும் மாறுகின்றன. இவ்விரண்டும் ஒலியை நேரடியாகப் பாதிப்பன. உள்ளே ஒட்டப்பட்டுள்ள ஒலித்தடுப்புப் பஞ்சும் இவ்வாறே சிதைகிறது. மாற்று மெத்தையின் தடிமனோ மூலப்பொருளோ வேறாக இருந்தால், கேட்கப்படுவது 1970களின் ஒலியாக இராது. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரு பழைய கருவிகளை ஒருவர் புகழ்வதும் மற்றொருவர் குறைகூறுவதும் ஒருசேர உண்மையாக இருக்க இயலும்.

நினைவும் எதிர்பார்ப்பும்

நுண்ணிய ஒலி வேறுபாடுகளை மனிதர் சில நொடிகளுக்கே தெளிவாக நினைவில் வைத்திருக்கின்றனர். ஒரு காதொலிப்பானைக் கழற்றி மற்றொன்றை அணிவதற்குள் அந்நேரம் கடந்துவிடுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டாலும் எடையையும் தொடுகையையும் கொண்டு கருவியை அடையாளம் காணலாம். ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி முதலிய ஆய்வாளர்கள் 2013 இல் இதற்கு ஒரு வழியைக் கையாண்டனர். பல காதொலிப்பான்களின் அதிர்வெண் இயல்பை அளந்து, அவற்றை ஒரே காதொலிப்பானில் சமனாக்கி மூலம் போலச்செய்து கேட்கவைத்தனர். இம்முறையில் அதிர்வெண் இயல்பை ஒப்பிடலாம். ஆயினும் கே1000 போலக் காதிலிருந்து விலகி நிற்கும் கருவிகளின் இடவுணர்வை இம்முறை முழுமையாகக் காட்டாது. அங்கு ஒலி கேட்பவரின் புறக்காது மடல்களில் பட்டு வருவதோடு, ஒருபக்க ஒலி மறுகாதையும் ஓரளவு எட்டுகிறது.

வெளியோசையும் தட்பவெப்பமும்

மேற்கூறியவற்றுடன், கேட்கும் ஊரும் ஒப்பீட்டைப் பாதிக்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரான கொரட்டூரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கொரட்டூர் தொடர்வண்டி நிலையம் சென்னை - அரக்கோணம் தடத்தில் வில்லிவாக்கத்துக்கும் பட்டரவாக்கத்துக்கும் இடையே உள்ளது. அருகில் பாடியும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அமைந்துள்ளன. மின்தொடர்வண்டி, சாலைப் போக்குவரத்து, வீட்டின் மின்விசிறி ஆகியவற்றின் ஓசைகள் பெரும்பாலும் தாழ், இடை அதிர்வெண்களைச் சார்ந்தவை. திறந்தவகை இவற்றைத் தடுப்பதில்லை. எனவே மிருதங்கத்தின் தொப்பியில் எழும் தாழ்ந்த ஒலியும், தம்புராவின் மெல்லிய கார்வையும் இவ்வோசைகளில் மூழ்கி, கருவியின் குறையாகத் தவறாகக் கொள்ளப்படலாம். விசிறியை நிறுத்தி, இரவில் கேட்பது எளிய தீர்வாகும்.

ஓசையை வெல்ல ஒலியளவைக் கூட்டுவது தீர்வன்று. வயதுவந்தோர் வாரத்திற்கு 40 மணிநேரம் 80 டெசிபெல்லுக்கு மேற்படாமல் கேட்பதே பாதுகாப்பானது என உலக சுகாதார அமைப்பு வரையறுத்துள்ளது.

கடலோர நகரின் ஈரக்காற்று நுரைப்பஞ்சின் சிதைவை விரைவுபடுத்துகிறது. நிலைமின் வகையில் ஈரமும் தூசியும் படலத்தின் மின்னேற்றத்தைக் கசியச்செய்வதால், ஒருபக்கம் மட்டும் ஒலி குறையலாம். இக்கருவிகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய பெட்டியில் வைப்பது வழக்கம். மேலும், ஜப்பானில் விற்கப்பட்ட மின்னூட்டு அலகுகள் 100 வோல்ட் மின்சாரத்திற்கானவை. இந்தியாவின் 230 வோல்ட் மின்சாரத்தில் அவற்றை இணைக்க இறக்கு மின்மாற்றி தேவை. பழைய ஸ்டாக்ஸ் கருவிகளின் சார்பழுத்தம் 230 வோல்ட், பிற்காலத்தவற்றுக்கு 580 வோல்ட் என்பதால், பழையதைப் புதிய அலகில் இணைப்பது அதனைப் பழுதாக்கக்கூடும்.

ஒப்பிடுவதற்கான ஒலிப்பதிவுகள்

நன்கு அறிந்த ஒலிப்பதிவுகளையே ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துவது நல்லது. கருநாடக இசைக் கச்சேரிப் பதிவுகளில் குரலின் இயல்பு இடை அதிர்வெண்களையும், வயலினின் மேற்சுரங்கள் உயர் அதிர்வெண்களையும், மிருதங்கம் தாழ் அதிர்வெண்களையும் சோதிக்கின்றன. வீணையின் கமகங்கள் நுண்ணிய தொடர்ச்சியைக் காட்டுகின்றன.

திரையிசையைப் பயன்படுத்துவோர் பதிவின் காலத்தையும் கருத்திற் கொள்ளவேண்டும். 1978 இல் வெளிவந்த பிரியா திரைப்படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அதற்கு முந்தைய தமிழ்த் திரைப்பாடல்கள் பொதுவாக ஒற்றைத்தட ஒலியில் அமைந்தவை. ஒற்றைத்தடப் பதிவு எந்தக் காதொலிப்பானிலும் தலையின் நடுவிலேயே கேட்கும். அதைக் கொண்டு ஒலியின் அகலத்தை மதிப்பிட இயலாது. ஆனால் குரலின் தெளிவையும், இருபக்க ஒலியெழுப்பிகளும் சமமாக உள்ளனவா என்பதையும் அறிய அது மிகவும் ஏற்றது. குரல் நடுவிலிருந்து ஒருபுறம் விலகிக் கேட்டால், பழுது பெரும்பாலும் கருவியிலோ இணைப்பிலோ உள்ளது எனலாம்.

அளவீடும் கேட்டலும்

1972 இல் நோல்ஸ் நிறுவனம் உருவாக்கிய கெமார் போன்ற செயற்கைத் தலைகளின் காதில் காதொலிப்பானைப் பொருத்தி அளப்பது ஒரு முறை. அளவீட்டை மட்டும் நம்புவோரும், காதை மட்டும் நம்புவோரும் ஆர்வலர்களிடையே உள்ளனர். அளவீடு அந்த ஒரு கருவியின் அன்றைய நிலையையே காட்டுகிறது. கேட்டல் அந்த ஒருவரின் காதையும் சேர்த்தே காட்டுகிறது. ஆகவே மெத்தையின் நிலை, மிகைப்பி, ஒலியளவைச் சமப்படுத்திய முறை, கேட்ட இடம், பதிவு ஆகியவற்றைக் குறிப்பிடும் ஒப்பீடுகளே பிறருக்குப் பயன்படுகின்றன. இவை குறிப்பிடப்பட்டால் மட்டுமே, உற்பத்தி நின்றுபோன ஒரு கருவி உண்மையில் எவ்வாறு ஒலித்தது என்பதை அடுத்து வருவோர் ஓரளவேனும் அறிந்துகொள்ள முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

* காதொலிப்பான்
* ஒலிபெருக்கி
* மின்மறுப்பு
* டெசிபெல்
* கொரட்டூர்

பகுப்புகள்: ஒலியியல் | இலத்திரனியல்